திருத்தப்பட்ட பேய்கள்

என் நோட்டில் 1999 மார்ச் 14, ஞாயிறு என்ற தேதிக்குக் கீழே இப்படி இருக்கிறது: “கிறுக்கப்பட்ட புத்தகங்கள் பதினொன்று. பதினொன்றையும் எடுத்த ஒரே உறுப்பினர், எண் 112. சந்தேகமில்லை.” கடைசிச் சொல்லின் அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அன்று எனக்கு அவ்வளவு திருப்தி.

ராயபுரத்தில் ஒரு பாய் தன் வீட்டு முன்னறையில் வாடகை நூலகம் நடத்திவந்தார். மாத நாவல்கள்தான் அதிகம். அவற்றிலும் பேய், மந்திரவாதி, ஏழு கடல் தாண்டிய தீவு என்று வரும் கதைகளுக்குத்தான் கிராக்கி. நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் குமாஸ்தா. வாரம் மூன்று புத்தகம் எடுப்பேன். எடுத்த தேதி, திருப்பிய தேதி, எடுக்கும்போதே இருந்த கிழிசல், கறை எல்லாவற்றையும் குறித்துவைப்பேன். பிறர் செய்த சேதம் என் தலையில் விழக்கூடாது.

அந்தச் சமயத்தில் யாரோ பேய்க் கதைகளில் பேனாவை வைத்திருந்தார்கள். பேயாக வருகிறவள் எங்கெல்லாம் கறுப்பியாக, குப்பத்துக்காரியாக இருந்தாளோ அங்கெல்லாம் அந்த வார்த்தைகளை அடித்துவிட்டு, மேலே ‘சிவப்பானவள்’, ‘டாக்டர் சம்சாரம்’ என்று எழுதியிருந்தது. தீவுக் கதைகளில் மனிதரைத் தின்னும் சுருட்டைமுடிக் கறுப்பர்கள் வெள்ளைக்காரர்கள் ஆகியிருந்தார்கள். தனியாக சினிமாவுக்குப் போனதற்காக முதல் அத்தியாயத்திலேயே சாகிற ஒருத்திக்கு, ஓரத்தில் ‘பிழைத்துக்கொண்டாள்’ என்று எழுதியிருந்தது.

கதை கெட்டுப்போகிறது என்று சில உறுப்பினர்கள் சண்டைக்கு வந்தார்கள். பாய் என்னிடம் புலம்பினார். கண்டுபிடித்துத் தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ஒட்டியிருந்த சீட்டில் எடுத்தவரின் எண்ணும் தேதியும் இருக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அந்தச் சீட்டுகளை ஒப்பிட்டேன்.

112, காசிமேட்டில் ஓர் இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கையை முந்தானையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவாள். அவள் வீட்டுக்குள் புத்தகம் போன வழி அந்த உறுப்பினர் அட்டை ஒன்றுதான்.

பட்டியலை முடித்த அன்று மாலை அவள் வந்தபோது முன்னறையில் நாலைந்து பேர் இருந்தோம். பாய் புத்தகங்களை அவள் முன்னால் அடுக்கினார்.

“ஏம்மா, இதெல்லாம் நீ கிறுக்குனதா?”

“கிறுக்கல பாய். திருத்தி வெச்சேன்.”

“பேய்க் கதைய பேயே திருத்துதுடா” என்றார் பின்னாலிருந்து ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பட்டியல் என் கையில் இருந்தது.

“சிரி சார். நீதான் லிஸ்ட்டு போட்டியா? எம் பொண்ணு ஏயாவது கிளாஸ் படிக்குது. இன்னாமா, பேயெல்லாம் நம்மாட்டமே கீதுன்னு கேக்குது. இம்மாம் பொஸ்தகம் படிக்கிறியே, நீ சொல்லு. நான் அதுக்கு இன்னா சொல்லட்டும்?”

நான் பட்டியலை மடித்தேன். இனிமேல் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் பாய். அவர் அவளை இழக்க விரும்பவில்லை. அவள் சொல்லவில்லை. பதினொன்றும் தன் வேலைதான் என்று சொல்லி, அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் என் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். அந்தப் பதினொன்றில் ஒன்பது நான் ஏற்கெனவே படித்தவை. ‘விறுவிறுப்பு’, ‘முடிவு சுமார்’ என்று எழுதியிருக்கிறேன். பேயானவளைக் கொன்றவன் எந்தப் பக்கத்தில் பிடிபட்டான் என்றுகூட இருக்கிறது. பேயின் நிறத்தைப் பற்றி ஓர் இடத்திலும் ஒரு வரி இல்லை. நானும் கறுப்புதான். ஆனால் கதை படிக்கும்போது நான் எப்போதும் துப்பறிகிறவன் பக்கம் இருந்தேன். ஆம்பிளைக்கு அந்த வசதி இருந்தது.

அதே பக்கங்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பதினொன்றில் ஒரு புத்தகத்தை 1998 மே மாதம் எடுத்தபோது, ‘பக்கம் 46, இரண்டு வார்த்தை பேனாவால் அடிக்கப்பட்டுள்ளது’ என்று சேதக் குறிப்பு எழுதியிருக்கிறேன். சீட்டின்படி 112 அதை முதன்முதலாக எடுத்தது அதே வருடம் ஆகஸ்டில். அதாவது அவளுக்கு முன்பே ஒருவர் தொடங்கியிருந்தார். என் பட்டியல் தப்பு.

உடனே பாயிடம் ஓடியிருக்க வேண்டும். அவள் ஒருத்தி மட்டுமில்லை என்று தெரிந்திருந்தால் அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்திருப்பார். நான் போகவில்லை. ‘சந்தேகமில்லை’ என்று எழுதியவனுக்கு அதை அடிக்க மனம் வரவில்லை. ஜூன் மாதம்தான் சொன்னேன். பாய் அன்றே அவளுக்கு ஆள் அனுப்பினார். அவள் வரவில்லை. அட்டையை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாளாம்.

46-ஆம் பக்கத்தில் பேயின் நிறத்தைச் சொல்லும் வார்த்தைகள்மேல் கோடு மட்டும்தான், எழுத்து இல்லை, ஒப்பிட வழியில்லை. சீட்டில் எனக்கு முன்னால் ஏழு எண்கள். நான்கு பேரை விசாரித்தேன், தாங்கள் இல்லை என்கிறார்கள். மூவர் ஊர் மாறிவிட்டார்கள். அந்தக் கோட்டைப் போட்டது யார், அது தன்னுடையதில்லை என்று தெரிந்தேதான் அவள் ஒப்புக்கொண்டாளா என்ற இரண்டும் இதுவரை சரிபார்க்கப்படவில்லை.