எண்பத்தெட்டு

கல்யாணமாகிப் புதுப்பட்டினம் வந்தபோது என்னோடு ஒரு ரேடியோவும் வந்தது. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. செங்கல்பட்டில் படிக்கும்போதே பரீட்சை எழுதி, அமெச்சூர் வானொலி லைசென்ஸ் வாங்கியிருந்தேன். மாடிச் சுவரிலிருந்து எதிர்த் தென்னைமரம்வரை கம்பி கட்டி, வேலை ஓய்ந்த நேரத்தில் தந்தி அடிப்பதுபோல் மோர்ஸ் குறியீட்டில் தட்டி, முகம் தெரியாத மனிதர்களோடு பேசுவேன். பேசியதற்கு அத்தாட்சியாக இருவரும் தபாலில் கார்டு அனுப்பிக்கொள்ள வேண்டும். பேசிவிட்டுக் கார்டு போடாதவனை எங்கள் ஆட்கள் மனிதனாகவே மதிப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் கணவருக்குக் கல்பாக்கம் அணுசக்தி மையத்தில் மத்திய அரசு வேலை. ஆனால் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்து, குறை ஒன்றுமில்லை என்று எழுதினால்தான் ஆர்டர் வரும். அந்த வேலையை நம்பித்தான் கல்யாணமே நடந்தது. மடியில் கனமில்லை என்றாலும், அவர் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போலீஸ்காரர் மஃப்டியில் வந்தார். ஊர், உறவு, படிப்பு எல்லாம் கேட்டு முடித்துவிட்டார். எழுந்து போகிற நேரத்தில் உள்ளறைச் சுவர் அவர் கண்ணில் பட்டது.

"இன்னாம்மா இது? செவுரு பூரா பாரின் கார்டா கீது?"

லைசென்ஸை எடுத்து நீட்டினேன். வாங்கிப் படித்தார். ஆனால் கண் கார்டுகளை விட்டு நகரவில்லை. ஒன்றைச் சுவரிலிருந்து எடுத்தார்.

"ஐநூத்தி தொண்ணூத்தொம்போது. இது இன்னா நம்பரு?"

"நாம அனுப்பறது அங்க எவ்ளோ தெளிவா கேட்டுச்சுன்னு போடற மார்க்கு சார்."

"எழுவத்தி மூணு?"

"நல்வாழ்த்துகள்னு அர்த்தம். தட்டறதுக்கு நேரமாவும்னு நம்பர்ல வச்சிருக்கோம்."

அவர் ஒவ்வொரு கார்டாகப் பார்த்துக்கொண்டே போனார். என் கணவர் காபி டம்ளரோடு கதவோரம் நின்றார். போலந்திலிருந்து ஓர் ஆள் அனுப்பியிருந்த கார்டு முன்னால் போலீஸ்காரர் நின்றார்.

"எல்லாத்துலயும் எழுவத்தி மூணு. இதுல மட்டும் எம்பத்தெட்டு. இது இன்னா?"

எதிர்முனையில் இருப்பது பெண் என்று தெரிந்தால், எழுபத்து மூன்றுக்குப் பதில் எண்பத்தெட்டு போடுவது எங்கள் உலகத்து மரியாதை. மோர்ஸில் குரல் கேட்காது என்பதால் மற்றவர்களுக்கு நான் பெண் என்று தெரியாது; போலந்துக்காரருக்குத் தெரிந்திருந்தது. யாரும் அதற்கு மேல் அதில் எதையும் பார்ப்பதில்லை. ஆனால் அர்த்தம் என்று கேட்டால், அதை என் கணவர் முன்னால் எப்படிச் சொல்வது?

"அதுவும் வாழ்த்துதான் சார்" என்று மென்று முழுங்கினேன்.

"ரெண்டும் ஒண்ணுன்னா இன்னாத்துக்கு ரெண்டு நம்பரு?" அவர் மறுபடி உட்கார்ந்தார். மூடிய பேனாவைத் திறந்தார். "உம் புருசன் எங்க வேலை செய்யறாருன்னு தெரியும்ல? தெரிஞ்சிகினே மறைச்சா நான் இன்னான்னு எழுதறது?"

இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளியில் படித்திருக்கிறேன், அன்றுதான் எறும்பானேன். சொல்லாவிட்டால் ரகசியக் குறியீடு என்று எழுதுவார்; என் கணவர் வேலை போகும். சொன்னால் என் மானம் போகும். வேலை பெரிதென்று முடிவு செய்தேன்.

"அன்பும் முத்தமும்னு அர்த்தம் சார்."

கல்யாணமான பிறகு அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. அதுவும் ஒரு போலீஸ்காரரிடம். காது இரண்டும் எரிந்தன. பெண் என்று தெரிந்தால் எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார்கள், வெறும் வழக்கம் என்று நான் படபடவென்று சொன்னது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

போலீஸ்காரர் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், எழுதிக்கவா?"

"எழுதிக்குங்க சார். அவ பொய் சொல்லமாட்டா." அவர் குரலில் நடுக்கமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பெருமையாக இருந்தது.

"இத எழுதிகினு போனா ஸ்டேஷன்ல என்னிய ஓட்டியே கொன்னுருவானுங்க" என்று சிரித்த போலீஸ்காரர், மனைவிக்கு லைசென்ஸோடு ரேடியோ பொழுதுபோக்கு என்று மட்டும் எழுதிக்கொண்டு படியிறங்கினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு விட்டேன்.

கணவர் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"நீ அவனுக்குப் பதில் கார்டு போட்டியா?"

"போட்டேன்."

"அதுல இன்னா நம்பர் போட்ட?"

எண்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டுதான் பதில். குறைத்துப் போட்டால் நீட்டிய கையைத் தட்டிவிட்ட மாதிரி. எழுபத்து மூன்று என்று சொல்லியிருக்கலாம். என் கார்டு போலந்தில் இருக்கிறது, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் பயத்தைவிட எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. இப்போதுதானே என்னைப் பொய் சொல்லமாட்டாள் என்றார்!

"எண்பத்தெட்டு" என்றேன்.

குழாயை மூடினார். "சரி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சில வாரத்தில் ஆர்டர் வந்தது. கீழ்வீடு, எதிர்வீடு எல்லாருக்கும் அவரே லட்டு கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் தபால்காரர் கொண்டுவந்த கார்டையும் அவரே முன்னால் போய் வாங்கினார். மாடிப்படியில் நின்றபடி அதைத் திருப்பி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கடைசிவரை பார்த்தார்.

"எழுவத்தி மூணுதான்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

போலீஸ்காரராவது ஒரு நாளோடு விட்டார்.