குழாய் மாஸ்டரின் பாடத்திட்டம்

"மாணவர்களைப் பார்த்துப் புன்னகைக்கவும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, புன்னகைக்காமல் நின்றார் அவர். கையில் அரை அங்குலக் குழாய்த் துண்டு ஒன்று. எதிரே பெஞ்சுகளில் மாணவர்களாக நடித்துக்கொண்டு ஆசிரியர்கள் பதின்மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். கடைசி பெஞ்சில் மதிப்பெண் தாளோடு நகரத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர். "குழாயை உயர்த்திக் காட்டவும். இது என்ன என்று கேட்கவும். பதில் வரும்வரை காத்திருக்கவும்" என்று அதே குரலில், மூச்சு விடாமல் அவர் தொடர்ந்தார். பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. தையல் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வயரிங் சார் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குலுங்கிக்கொண்டிருந்தார். ஆசிரியர்களில் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த வரிகளை எழுதியவள் நான். அடைப்புக்குறிக்குள் நான் எழுதியிருந்த குறிப்புகளையும் சேர்த்து அவர் மனப்பாடம் செய்திருந்தார்.

குழாய் மாஸ்டர் என்றுதான் கல்லூரியில் எல்லோரும் அவரை அழைப்போம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தேவாலய வளாகத்துக்குள், பத்தாவது தேறாதவர்களுக்கும் பாதியில் படிப்பை விட்டவர்களுக்கும் தொழில் கற்றுக்கொடுக்கும் சமூகக் கல்லூரி எங்களுடையது. தையல், வயரிங், பிளம்பிங், தட்டச்சு, செவிலியர் உதவி என்று ஐந்து பிரிவுகள். கட்டடம் என்று சொல்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு நீளக் கொட்டகைகள். மாஸ்டர் எந்தப் பள்ளியிலும் கற்பித்தவரில்லை. ஒப்பந்தக்காரர்களிடம் பள்ளம் வெட்டுகிறவராகச் சேர்ந்து, பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை தெருத்தெருவாகக் குழாய் பதித்தவர். அவரிடம் படித்த பிள்ளைகளை மறைமலை நகர் தொழிற்சாலைகளில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நானோ வணிகவியல் படித்துவிட்டு, பேச்சு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டு, ஆசிரியர் பயிற்சிக்கு ஒருங்கிணைப்பாளர் என்ற பட்டத்தையும் சுமந்துகொண்டிருந்தேன். பாடத்திட்டம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் எனக்கு நிறையவே உண்டு.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில் நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. சான்றிதழ் இல்லாத ஆசிரியர்கள் இரண்டு வாரப் பயிற்சிப் பட்டறையில் தேற வேண்டும். தாமே பாடத்திட்டம் எழுதி, அதன்படி ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தேறாதவர்கள் ஆசிரியர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு உதவியாளர்களாக்கப்படுவார்கள். எங்களில் சான்றிதழ் இல்லாதவர் மாஸ்டர் ஒருவர்தான்; மற்றவர்களும் பட்டறையில் கூட உட்கார வேண்டும் என்பது உத்தரவு. பட்டறை தொடங்குவதற்கு முன்பே அவர் என் மேசைக்கு வந்து, "எழுத்து வேலை நமக்குச் சரிப்படாது மேடம். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்றார். சோம்பல் என்று நினைத்தேன். கையெழுத்து மோசமாக இருக்கும், அதற்கு வெட்கப்படுகிறார் என்றும் நினைத்தேன். ஒரே மூச்சில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'இத்திட்டம் என்னால் தயாரிக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே அவர் தட்டுத்தடுமாறிக் கையெழுத்திட்டார். அதற்குச் சாட்சியாக நானும் கையெழுத்திட்டேன். ஒன்பதாவது படிக்கும் அவர் மகள் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துக்காட்ட, அவர் காதால் கேட்டே உருப்போட்டிருக்கிறார் என்பது அந்தப் 'புன்னகைக்கவும்' வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னை வெளியே அழைத்து, "இந்தத் திட்டம் அவர் எழுதியதுதானே?" என்று கேட்டார். "ஆமாம் சார், பதற்றத்தில் உளறிவிட்டார்" என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது. கடைசி நாளில் இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். மாஸ்டர் குழாய்த் துண்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வளாகத்தை விட்டுப் போனார். சிரித்தவர்கள் மீது எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக என் மீது வந்தது.

அந்த வாரமே காலரா வந்துவிட்டது. ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த தெருக்களில் தொடங்கி, எங்கள் மாணவர்களின் வீடுகள் இருந்த பள்ளமான பகுதிகளுக்கெல்லாம் பரவியது. வாந்திபேதி என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்த்தோம். சாலையோரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகக் கிடந்தது. மாணவர்களுக்கு விடுமுறை விட்டாயிற்று. நகரத்திலிருந்து பயிற்சி தர வேண்டியவர்கள் வர முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். முதல்வராக இருந்த கன்னியாஸ்திரீ என்னைக் கூப்பிட்டு, "மிஸ், இந்தச் சமயத்துல வொர்க்‌ஷாப் எதுக்கு? ஸ்டாப் பண்ணிடலாமே" என்றார். நல்லவர், ஆனால் எதையும் தள்ளிப்போடுவதில் அவருக்கு ஒரு நிம்மதி உண்டு. "நிறுத்தினா மாஸ்டருக்கு ரெண்டாவது சான்ஸ் இல்ல சிஸ்டர். ஜனவரில அவர் பேரு ஆசிரியர் லிஸ்ட்ல இருக்காது" என்றேன். "டிரெய்னர்ஸே இல்லையே?" என்றார். "பதினாலு டீச்சர்ஸ் இருக்கோமே சிஸ்டர், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறோம்" என்றேன். வாய் சொல்லிவிட்டது. எப்படிச் செய்வது என்று சத்தியமாகத் தெரியாது.

செய்தோம். கொட்டகைக்குள் உட்காராமல் வேப்பமரத்தடிக்கு பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனோம். அவரவர் வீட்டிலிருந்து கொதிக்க வைத்த தண்ணீர், அவரவர் தம்ளர். பகல் சாப்பாடு கிடையாது, ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய்விட வேண்டும். செவிலியர் உதவி டீச்சர் முதல் நாளே கை கழுவுவதை ஒரு மணி நேரப் பாடமாக எடுத்து எங்கள் விரலிடுக்குகளைச் சோதித்தார். அடுத்த நாள் தையல் டீச்சர் வயரிங் சாருக்குச் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொடுத்தார். பாடம் முடிந்ததும் கற்பித்தவர் விலகி நிற்க, கற்றவர் தன் கையால் செய்து காட்ட வேண்டும் என்பது நாங்களாக வைத்துக்கொண்ட விதி. வயரிங் சார் மூன்று சட்டைத் துணிகளைப் பாழாக்கினார். கொரோனா காலத்தில் இளம் ஆசிரியர்களுக்கு கைபேசித் திரையில் பேச என்னை அழைத்தபோது, சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்த முகங்களைப் பார்த்து இந்த மரத்தடியைத்தான் நினைத்துக்கொண்டேன். திரையில் யார் கற்றார்கள், யார் அடுப்பைக் கவனிக்கப் போனார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மரத்தடியில் காஜா கோணலாக இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

மாஸ்டர் மட்டும் வரவில்லை. நான்கு நாள் பொறுத்துவிட்டு, விசாரித்துக்கொண்டு சைக்கிளில் போனேன். மாடம்பாக்கம் போகிற வழியில் ஒரு தெருவில், இடுப்பளவுப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். தெருக்காரர்கள் கெஞ்சிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"இன்னா மேடம், இவ்ளோ தூரம்?"

"பட்டறைக்கு வராம இங்க நிக்கிறீங்களே மாஸ்டர்."

"அங்க வந்து இன்னா பண்றது? படிக்கத் தெரியாதவன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிபோச்சு. அல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு. நம்மள வுட்டுடுங்க." கொஞ்ச நேரம் மண்ணை வழித்துப் போட்டார். பிறகு அவராகவே, "இந்தத் தெருவுல ஏழு பேருக்கு வாந்திபேதி. ஏன்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். சாக்கடைக்குள் கிடந்த குழாயின் இணைப்பைத் தொட்டுக் காட்டினார். துருப்பிடித்து, ஓர் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. "தண்ணி வேகமா வரும்போது இது வழியா வெளியதான் கசியும். ஒண்ணும் ஆவாது. தண்ணி நின்னப்புறமும் ஜனங்க வுடாம பம்பு அடிச்சிக்கினே இருக்கறாங்களே, அப்போ இது சாக்கடைய உள்ள இஸ்துக்கும். ஒரு கொடம் ஜாஸ்தி வருதுன்னு சந்தோசமா தூக்கினு போறாங்க." எங்கள் வீட்டிலும் குழாயில் அடிபம்பு உண்டு. நானும் அந்தக் கடைசிக் குடத்துக்காக மல்லுக்கட்டியவள்தான். பள்ளத்தின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"மாஸ்டர், இதைத்தான் நீங்க கடைசி நாள்ல எடுக்கறீங்க."

"இத எப்டி மேடம் எழுதறது?"

"எழுத வேணாம்."

"அப்போ அந்தாளு கேக்கற தாளு?"

"நீங்க வாங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

கடைசி நாள் பேராசிரியர் வந்ததும், மாஸ்டர் தொடங்குவதற்கு முன்பே நான் எழுந்து நின்றேன். "சார், போன தடவை நான் சொன்னது பொய். அந்தத் திட்டத்தை எழுதினது நான். அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சப்புறமும் உங்ககிட்ட மறைச்சேன்" என்றேன். முதல்வர் சிஸ்டரின் முகம் வெளிறியது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "கையெழுத்து போட்டிருக்கீங்களேம்மா" என்றார். "ஆமாம் சார்" என்றேன். "இத அப்புறம் பேசுவோம்" என்று மாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார்.

மாஸ்டர் வேலையில் இறங்கினார். ஸ்டூலின் மேல் ஒரு வாளி நல்ல தண்ணீர். அதிலிருந்து உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய் இறங்கி, கீழே ஒரு பேசினுக்குள் முங்கி எழுந்து, மறுபக்கம் ஒரு சின்ன அடிபம்பில் போய்ச் சேர்ந்தது. பேசினில் துணிக்குப் போடும் நீலம் கலந்த தண்ணீர். அதற்குள் முங்கிக் கிடந்த குழாயில் ஊசியால் ஒரு ஓட்டை. "யார் யார் வூட்ல பம்பு கீது?" என்று கேட்டார். எங்கள் எல்லோருடைய கையும் உயர்ந்தது. கடைசி பெஞ்சில் பேராசிரியரின் கையும். வாளித் தண்ணீரைத் திறந்துவிட்டார், பம்பு வழியே தெளிவாக ஓடி வந்தது. தையல் டீச்சரைக் கூப்பிட்டுப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். "நல்ல தண்ணிதானே?" பிறகு வாளிப் பக்கம் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்போ கொழாய்ல தண்ணி நின்னுபோச்சு. ஒரு கொடம் ரொம்பறதுக்கு நீங்க வந்து அடிங்க சார்" என்று பேராசிரியரையே அழைத்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தார். ஐந்தாறு அடியில் கண்ணாடி போன்ற குழாய்க்குள் நீலம் ஓடி வந்து குடத்தில் கொட்டியது. தட்டச்சு டீச்சர் அழுதார். அவர் அக்கா மகள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"தண்ணி நின்னா கைய எடுத்துடணும். மறுநா தண்ணி வந்தா மொத ரெண்டு கொடத்தக் கீழ ஊத்தணும். மனசு வராது. ஊத்தணும். அப்புறம் புடிச்சத கொதிக்க வெக்கணும்" என்றார் மாஸ்டர். பிறகு எங்கள் விதிப்படி விலகி நின்றுகொண்டார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய் ஓட்டையைத் தேடினோம், குழாயை மடக்கினோம், அடித்தோம், ஏன் என்று சொன்னோம்.

பேராசிரியர் தாளை எடுத்தார். "பாடம் ரொம்ப நல்லா இருந்தது. ஆனா திட்டம் இல்லாம நான் மார்க் போட முடியாதே" என்றார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. அப்போது தட்டச்சு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் நோட்டிலிருந்து இரண்டு பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தார். மாஸ்டர் செய்ததையெல்லாம் செய்யச் செய்யச் சுருக்கெழுத்தில் எடுத்து, நாங்கள் பம்பு அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். பேராசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, "இது பாடம் முடிஞ்சப்புறம் எழுதினது. திட்டம்னா முன்னாடி எழுதணும்மா" என்றார்.

"சார்," என்றார் மாஸ்டர். அதுவரை அவர் பேராசிரியரின் முகத்தை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. "நாளைக்கு இதே பாடத்தத் திரும்ப எடுக்கப் போறேன். அதுக்கு இது முன்னாடி எழுதினதுதானே? நான் சொன்னத அந்தம்மா எழுதிக்கீறாங்க. வேற யாரும் சொன்னது இல்லியே."

பேராசிரியர் அவரையே பார்த்தார். "நாளைக்கு என்னால வர முடியாதேப்பா."

"நீங்க வர வேணாம் சார். நாளைக்கு லீவு முடியுது. பசங்க வருவாங்க."

பிறகு பேராசிரியர் பழைய திட்டத்தை உருவி என்னிடம் நீட்டிவிட்டு, அந்த இரண்டு பக்கங்களைக் குண்டூசியால் குத்தினார். மாஸ்டரின் பெயருக்கு நேரே 'தேறினார்' என்று எழுதினார். என்னைப் பற்றியும் ஒரு வரி எழுதினார். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு ஓராண்டுக்கு என்னிடமிருந்து போயிற்று. அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பிளம்பிங் கொட்டகைக்குப் போனேன். பட்டியலில் பத்தொன்பது பேர். பெஞ்சில் மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற வீடுகளில் பயம் இன்னும் போகவில்லை. நேற்று அவ்வளவு போராடியது இந்த மூன்று பேருக்காகவா என்று எனக்குத் தோன்றியது. மாஸ்டர் பேசினில் நீலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேருதானா மாஸ்டர்? நாளைக்கு வெச்சுக்கலாமா?"

"எதுக்கு மேடம்?" என்றார், கையை எடுக்காமலே. "மூணு வூடு."

நான் போய் அவர்கள் பக்கத்தில் நாலாவதாக உட்கார்ந்தேன்.