சோபாக் கடைத் தூண்

நகராட்சியில் கட்டடங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்த அந்தப் பெண்ணுக்கு ஊருக்குள் ‘நோட்டீஸ் அம்மா’ என்று பெயர். அவள் தெருமுனையில் தலைகாட்டினாலே கொத்தனார்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். சிமெண்டு மூட்டைகள் மேல் அவசர அவசரமாகத் தார்ப்பாய் விழும். “இங்க ஒண்ணும் நடக்கலம்மா, சும்மா வெள்ளையடிக்கிறோம்” என்று யாராவது பல்லைக் காட்டுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நோட்டீஸை ஒட்டிவிட்டு வருவாள். அவள் திரும்புவதற்குள் பாதி கிழிந்திருக்கும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தை அவள் ஒருமுறை பூட்டி சீல் வைத்தாள். போக இடமில்லாத ஜனங்கள் பூட்டை உடைத்து மறுபடி குடியேறிவிட்டார்கள். மழைக்கு ஊறிப்போன பால்கனி விழுந்து, கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கால் போயிற்று. “நாம நோட்டீஸ் கொடுத்தாச்சும்மா, நம்ம மேல தப்பில்லை” என்றார் மேலதிகாரி. சட்டப்படி அது சரி. ஆனால் போக ஓர் இடம் காட்டாமல் வெளியே போ என்றால் யார்தான் போவார்கள் என்ற கேள்வி அவளை விடவே இல்லை.

அவளுடைய தங்கை கடைவீதியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருந்தாள். கீழே தங்கை வீட்டுக்காரரின் சோபாக் கடை. அதற்கு நேர் மேலே இவர்கள் வீடு, அதற்கும் மேலே மற்ற குடித்தனங்கள். தங்கை வீட்டுக்காரர் வாய் ஓயாத மனிதர். உட்கார வந்தவரையும் சோபா வாங்க வைத்துவிடுவார்.

ஒரு விடுமுறை நாளில் அவள் அந்தக் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். வாசலை ஒட்டி, பலகை அடித்து மறைத்த தூணின் மேல் ஆளுயரக் கண்ணாடி ஒன்று பதித்திருந்தது. அதில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல்.

“என்ன தம்பி, புதுக் கண்ணாடி உடைஞ்சிருக்கு?”

“அதை ஏன்க்கா கேக்குறீங்க! இது மூணாவது கண்ணாடி. யாரும் தொடவே இல்ல, தானா விரியுது. கண்ணாடிக் கடைக்காரன் என் தலையில நல்லா மிளகாய் அரைக்கிறான்.”

அவள் டீயைக் கீழே வைத்தாள். “இந்தத் தூண் முன்னாடி இவ்வளவு ஒல்லியாவா இருந்துச்சு?”

அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, “பெரிய சோபா உள்ள வரமாட்டேங்குதுக்கா. கட்டடத்துக்குச் சொந்தக்கார அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் கொஞ்சம் கொத்திக் குறைச்சோம். பாதி அப்படியே இருக்குல்ல?” என்றார்.

பலகையைக் கழற்றச் சொன்னாள். உள்ளே, கொத்தி எடுத்த பக்கத்தில் கம்பிகள் வெளியே தெரிந்தன. அவை நேராக இல்லை. பாரம் தாங்காமல் வில்லாக வளைந்திருந்தன. உடனே அலுவலகத்துக்குப் பேசி இரும்பு முட்டுகளை வரவழைத்தாள். கடையைச் சாத்த வைத்தாள். பிறகு மாடிக்கு ஓடித் தங்கையிடம் விஷயத்தைச் சொன்னாள். வேலை முடிகிறவரை மொத்தக் கட்டடமும் காலியாக வேண்டும்.

“ஊர்ல இத்தனை கட்டடம் இருக்க, உனக்கு என் வீடுதான் கிடைச்சுதா?” என்று தங்கை கத்தினாள். “உன் வேலையைக் காப்பாத்திக்க என் புருஷன் பிழைப்புல மண்ணைப் போடுறியா?”

“மண்ணு உங்க தலைமேல விழக் கூடாதுன்னுதான்டி சொல்றேன்.”

“பேசாதே நீ!” தங்கை படுக்கையறைக்குள் போய்க் கதவை ஓங்கி அறைந்தாள். கதவு பாதியில் நிலையில் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இன்னொரு முறை தள்ளினாள். தோளைக் கொடுத்து முட்டினாள். கதவு மூடவே இல்லை.

இரண்டு பேரும் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.

“மழைக்கு மரம் உப்பிடுச்சுன்னு நினைச்சேன்க்கா” என்றாள் தங்கை, குரல் இறங்கி.

“மழை பெய்ஞ்சு எவ்வளவு நாளாச்சு? கீழ தூண் அமுங்கி, இங்க நிலை கோணிக்கிச்சுடி.”

தங்கை விடுவிடுவென்று மேல் மாடிக்கு ஏறினாள். “உங்க வீட்டுக் கதவெல்லாம் ஒழுங்கா சாத்துதா?” என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டாள். ஒருவர் ஜன்னல் இறுக்கிக்கொண்டதாகச் சொன்னார். இன்னொரு வீட்டில் கதவின் அடியைச் சீவித் தள்ளியிருந்தார்கள். எந்த நோட்டீஸும் செய்யாததை அந்தக் கதவுகள் செய்தன. ஜனங்களுக்குப் பயம் வந்தது.

பயம் வந்தும் யாரும் அசையவில்லை. மேல் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற லாரி டிரைவர் காரணத்தை உடைத்துச் சொன்னார். “நாங்க வெளிய போனா கட்டடத்துக்காரம்மா திரும்ப உள்ள விடுமா? இதுதான் சாக்குன்னு புது ஆளை வெச்சிடும்.”

நோட்டீஸ் அம்மா கட்டடத்தின் சொந்தக்காரியைக் கையோடு கூட்டி வந்தாள். அந்த அம்மாவுக்கும் ஒரு பயம் இருந்தது: போனவர்கள் வராமலே போய்விட்டால் வாடகைக்கு எங்கே போவது? படிக்கட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசியதில் ஒரு வழி பிறந்தது. பழைய ஆட்களே பழைய வாடகையில் திரும்பி வருவார்கள் என்று சொந்தக்காரி எல்லோர் முன்னாலும் சொல்லி எழுதிக் கொடுத்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்ததால் அதன் வகுப்பறைகளைக் கேட்டு வாங்க நோட்டீஸ் அம்மா மேலதிகாரியை நச்சரித்தாள்.

“இதெல்லாம் நம்ம வேலை இல்லம்மா” என்றார் அவர்.

“அப்போ விழுந்தப்புறம் இடிபாடு அள்ளுறதுதான் நம்ம வேலையா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தலைமையாசிரியைக்கு அவரே போன் போட்டார்.

முதலில் இறங்கியது தங்கைதான். குக்கரை ஒரு இடுப்பிலும் குழந்தையை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு அவள் நடந்ததைப் பார்த்து, மற்றவர்களும் மூட்டை கட்டினார்கள். டிரைவர் கடைசி ஆளாகத் தன் பழைய டிரங்குப் பெட்டியைத் தானே இறக்கினார், யாரையும் தொடவிடவில்லை.

முட்டுக் கொடுத்த தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, அது நன்றாக இறுகும்வரை ஜனங்கள் கரும்பலகைகளுக்கு நடுவே குடித்தனம் நடத்தினார்கள். சண்டைகளும் வந்தன, குழாயடியில் சிரிப்பும் இருந்தது. போன எல்லாக் குடும்பங்களும் திரும்பி வந்தன.

தூண் இப்போது முன்னைவிடப் பருமன். சோபாக்களைக் கால் கழற்றி, சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோக முடிகிறது. “உங்க அக்கா பண்ணின வேலை” என்று தங்கை வீட்டுக்காரர் முனகாத நாளில்லை. ஆனால் கடைவீதியில் யாராவது சுவரைக் கொத்தப் போவதாகக் காதில் விழுந்தால், முதல் ஆளாக ஓடி நடந்த கதையைச் சொல்வதும் அவர்தான்.

சில மாதங்கள் கழித்து நோட்டீஸ் அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. கடைவீதிச் சலூன்காரர்.

“அம்மா, நடுவுல ஒரு சுவரை எடுக்கலாம்னு இருக்கேன். இன்னும் கை வைக்கல. ஒரு தடவை வந்து பாத்துச் சொல்றீங்களா?”

இத்தனை வருஷத்தில் இடிப்பதற்கு முன்னால் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. “இதோ வரேன், அதுவரைக்கும் யாரும் சுத்தியலைத் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவைத்து எழுந்தாள்.