மேற்குச் சுவருக்குள் கொட்டிய உமி

எங்கள் பழைய வீடு ஒரே அறை. மேற்குச் சுவர் ஒற்றை வரிசை சிமெண்டுக் கல். மதியம் இரண்டு மணிக்கு மேல் அது அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்தான். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் வீட்டுக்காரரின் கட்டில். வாதத்தில் இடது கையும் காலும் விழுந்துபோன பிறகு அவர் பொழுதெல்லாம் அதில்தான். முதுகு முழுக்க வேர்க்குரு. மதியத் தூக்கம் என்பதே அவருக்கு இல்லாமல் போயிற்று. ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் தாங்காது.

பக்கத்து மனையில் புது வீடு கட்டுவது என்று ஆனதும் நான் ஒன்றைத்தான் கேட்டேன். வருகிற சித்திரையில் அவர் மதியம் ஒரு மணி நேரமாவது அசந்து தூங்க வேண்டும். மற்றபடி டைல்ஸ், கேட்டு, பெயிண்டு எல்லாம் மகன் இஷ்டம்.

மகன் கோயம்புத்தூரிலிருந்து போனில் சொன்னான். "இப்ப எல்லாரும் சிமெண்டும் சாம்பலும் சேத்துச் செய்ற வெள்ளைக் கல்லுத்தாம்மா வைக்கிறாக. கனமே இருக்காது. சூடும் உள்ள எறங்காது."

"தொட்டுப் பாக்காம என் வீட்டுல ஒரு கல்லு ஏறாது" என்றேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பத்து வருஷம் சூளையில் கல் சுமந்த தலை இது. செங்கல்லைத் தட்டினால் வெந்ததா வேகாததா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். சிமெண்டுக் கல், வெள்ளைக் கல், செங்கல் மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கிவரச் சொல்லி, துவைக்கிற கல்மேல் காலையிலேயே வெயிலில் வைத்தேன். நாலு மணிக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன். சிமெண்டுக் கல் சுட்டது. செங்கல் வெதுவெதுப்பு. வெள்ளைக் கல்தான் குளுமை, பொய் சொல்லக் கூடாது. அதைத் தண்ணீர் வாளியில் போட்டுப் பார்த்தேன். காய்ந்த மாடு மாதிரி குடித்தது. ஆனி ஆடியில் மலை தாண்டி வரும் சாரல் எங்கள் ஊரில் மேற்குச் சுவரில்தான் அறையும். அது வேண்டாம், செங்கல்லே போதும் என்றுவிட்டேன்.

கொத்தனார் கம்பம் ஊர்க்காரர். கேரளாப் பக்கம் வெகுநாள் வேலை பார்த்தவர். நாலு செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் காட்டினார்.

"இது எலிப்பொறிக் கட்டு ஆத்தா. உள்ள காத்து நிக்கும். வெளிச் சூடு உள்ள வராது."

"காத்து சூட்டைத் தடுக்குமாக்கும்! நீ கல்லை வைப்பா. உள்ள போடுறத நான் பாத்துக்கிறேன்."

ஐஸ் கட்டியை உமியில் புதைத்து வைத்தால் சீக்கிரம் கரையாது. அது எனக்குத் தெரிந்த வித்தை. சுவருக்கும் அதுவே போதும் என்று நினைத்தேன். ரைஸ் மில்லில் மூட்டை மூட்டையாக வாங்கி, சுவர் ஏற ஏற நானே கொட்டினேன். கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டே அடுத்த கல்லை வைத்தார். நெஞ்சு உயரம் வந்தபோது மழையால் நாலு நாள் வேலை நின்றது. மேலே தார்ப்பாய் போட்டு மூடினோம்.

ஐந்தாம் நாள் போனால் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து எறும்பு சாரை சாரையாக இறங்குகிறது. சுவரில் காதை வைத்தேன். உள்ளே கீச் கீச்சென்று சத்தம். உமியில் குருணை கலந்திருக்கிறது. உப்பைக்கூடப் புடைத்துப் பார்க்கிறவள் என்று பேரெடுத்த நான், அதைப் புடைக்காமல் கொட்டியிருக்கிறேன்.

"பொறின்னுதான் ஆத்தா சொன்னேன்" என்றார் கொத்தனார். "நீங்க எலிக்குச் சோத்தையும் போட்டு மெத்தையும் விரிச்சிட்டீக."

சித்தாள்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"சிரிக்கிற ஆளுக்கு இன்னைக்கு டீ கெடையாது" என்றேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடிக்கல்லை உருவுப்பா" என்றேன்.

கீழ் வரிசையில் அங்கங்கே கல்லை எடுத்ததும் உமி சரசரவென்று கொட்டியது. கூடவே எலிகளும் ஓடின. கூட்டி அள்ள இரண்டு நாள் ஆயிற்று. வேறு யாரையும் துடைப்பத்தைத் தொட விடவில்லை. நான் போட்டது, நானே அள்ளினேன்.

சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்தார். "நான் அப்பவே நெனைச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

அதற்குப் பிறகு சுவருக்குள் காற்றைத் தவிர எதையும் விடவில்லை. வெளியே பூசி, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். பங்குனிக் கடைசியில் குடிபோனோம். கட்டிலை வேண்டுமென்றே அந்த மேற்குச் சுவரை ஒட்டியே போடச் சொன்னேன்.

சித்திரை பிறந்து நாலாம் நாள். வெயில் கண்ணைப் பறித்தது. மூன்று மணிக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம் என்று எழுந்தேன். அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். குறட்டைச் சத்தம். எத்தனை வருஷமாயிற்று, பட்டப்பகலில் அதைக் கேட்டு.

அந்நேரம் பார்த்து, வெளியே சன்ஷேடில் பாக்கி இருந்த வேலைக்குக் கொத்தனார் சாமான்களோடு வந்து நின்றார். கையைக் காட்டி வாசலிலேயே நிறுத்தினேன்.

"என்ன ஆத்தா, காத்து தடுக்குதா?"

"தடுக்குது, தடுக்குது. மெதுவாப் பேசு. நாளைக்குக் காலையில வாப்பா."