காசு வாங்கிய காவல்காரன்

மதிவதனிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, விரல்தான் பேசும். மேசையோ முழங்காலோ, கையில் அகப்பட்டதில் படபடவென்று தட்டுவாள். அன்று காலை ஒன்பது மணிக்கு அவள் விரல் எதையும் தட்டவில்லை. அதைக் கண்டுதான் அவள் அம்மா காத்தாயி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

லேப்டாப்பில் மனு திறந்திருந்தது. தமிழைத்தான் காணோம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக, நண்டு ஓடிய சேறு மாதிரிக் கிடந்தது.

"என்னடி ஆச்சு?"

"வைரஸ் தின்னுடுச்சும்மா. அம்புட்டும் போச்சு."

அது என்ன சாதாரண மனுவா? திருவிடைமருதூருக்கு மூன்று கல் தள்ளி இருக்கும் கீழத்தோப்பில் நாற்பத்து மூன்று குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் புறம்போக்கில் குடியிருக்கின்றன. வீட்டுவரி கட்டுகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள், பட்டா மட்டும் கிடையாது. இந்த வருஷம் புது ரோட்டுக்கு அளவுக்கல் வேறு நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பட்டா இல்லாதவனுக்கு மாற்று இடம் ஏது? தாலுகா ஆபீசில் வருஷத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து மனு வாங்கும் ஜமாபந்தியில் அவர்கள் ஊர்கள் சேர்ந்த பிர்காவுக்கு அன்று ஒரே ஒரு நாள், அதுவும் மதியம் ஒரு மணி வரை. போன வருஷம் பட்டா கேட்டுக் கையால் எழுதிக் கொடுத்த மனுவை, "இது என்ன கோழிக் கிறுக்கல்? டைப் அடிச்சுக் கொண்டாங்க" என்று திருப்பிவிட்டார்கள். அடுத்த ஜமாபந்தி வரை வீடு நிற்குமா என்று யாருக்கும் தெரியாது.

டைப் அடிக்க மதிவதனியை விட்டால் அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? அப்பா வீரையன் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் படிக்க வைத்த பெண். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப், கும்பகோணத்தில் பஸ் ஏறிப் போய்ப் படித்துப் பாஸ் செய்த தமிழ் டைப்ரைட்டிங் ஹையர், இவை இரண்டும்தான் அவள் சொத்து. அப்பா போன பிறகு ஆறு வருஷமாக வீடு ஓடுவது அந்தப் பத்து விரலில். இந்த மனுவுக்காக ஒரு வாரம் வீடு வீடாக ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ரேஷன் கார்டையும் வரி ரசீதையும் பார்த்து நேரே அடித்தாள். வேறு குறிப்பு எதுவும் இல்லை.

வினை வந்தது முந்தின நாள் சாயங்காலம். லேப்டாப்பில் கும்பகோணம் கடைக்காரர் ஜாஃபர் சாதிக் போட்டுக்கொடுத்த இலவச ஆன்ட்டிவைரஸ் இருந்தது. திரை மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி முளைத்து, முழுப் பாதுகாப்பு வேண்டுமானால் காசு கட்டு என்றது. நாளைக்கு ஜமாபந்தி. கட்டுவதா வேண்டாமா? பாய்க்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலவசமே போதும்மா. கண்டதையும் இறக்காம இருந்தா சரி" என்றார் அவர்.

காத்தாயி விடுவாளா? "கூலி வாங்காத காவக்காரன் களத்துல குறட்டை விடுவான்டி. காசு குடுத்தாத்தான் முழிச்சிருப்பான்."

அம்மா பேச்சு நியாயமாகப் பட்டது. போனிலேயே பணம் கட்டினாள். புதுக் காவல்காரன் உள்ளே வந்ததும் மூலைமுடுக்கெல்லாம் தேட ஆரம்பித்தான். ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்தாள்.

இப்போது ஜாஃபர் சாதிக் போனில் தலையில் அடித்துக்கொண்டார். "வைரஸும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. உன் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் பழைய காப்பி சிடியில போட்டது. அதைத் திருட்டு ஆளுன்னு நெனச்சு தமிழ் எழுத்தைக் காட்டுற ஃபாண்ட்டோட சேர்த்து அழிச்சிருக்கு. திரும்பப் போடணும். நான் மயிலாடுதுறையில கல்யாணத்துல இருக்கேன், வர மதியம் ரெண்டு மணி ஆயிடும்."

"ஒரு மணிக்கு முடிஞ்சிரும் பாய்!"

போன் கட்டானது. வேலியே பயிரை மேய்ந்த கதை. காசு கொடுத்து வைத்த காவலன் வீட்டுக்காரியையே வெளியே தள்ளிவிட்டான். மதிவதனிக்கு அழுகை முட்டியது. வெறித்துக்கொண்டே இருந்தவளின் கண் ஒரு வரியில் நின்றது.

tPiuad;

அவள் விரல்கள் முழங்காலில் தானாக அசைந்தன. கீபோர்டில் அந்த ஏழு விசையையும் தட்டினால் என்ன வரும் என்று விரலுக்குத் தெரியும். வாய் மெதுவாகச் சொன்னது: "வீரையன்."

அப்பா பேர்! எதுவும் போகவில்லை. எல்லாம் அப்படியே இருந்தது, சட்டை மாற்றிக்கொண்டு, அவள் தட்டிய விசைகளின் இங்கிலீஷ் எழுத்தாக.

"அம்மா, செம்மொழியைக் கூப்பிடு! ஓடு!"

செம்மொழி அவள் சித்தப்பா மகள், அங்கன்வாடி டீச்சர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது என்ன பாஷை?" என்றாள்.

"நான் படிக்கிறேன், நீ எழுது. அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது."

மதிவதனி முழங்காலில் தட்டித் தட்டிப் படித்தாள். செம்மொழி எழுதினாள். வேர்வை தாளில் விழாமல் இருக்க, பக்கத்தில் உட்கார்ந்து காத்தாயி முறத்தால் விசிறினாள். இருபதாவது பெயரில் கரண்ட் போனது. பழைய பேட்டரி பத்து நிமிஷம் தாங்கினாலே அதிகம். "வேகமாடி, வேகமா!" என்று காத்தாயி கத்த, "நீ பேசாம இரும்மா, பேரு மாறிடும்!" என்று இவள் கத்தினாள். திரையைப் போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பத்துப் பேரையும் அந்தச் சின்னத் திரையில்தான் படித்தாள். போனிலேயே எழுத்தை மாற்றித் தரும் வழி இருக்கிறதாம். பாய் அப்புறம்தான் சொன்னார். அந்தப் பதற்றத்தில் யாருக்குத் தோன்றும்?

கையெழுத்தும் கைநாட்டும் முன்பே வாங்கிவைத்த தாளைப் பின்னால் சேர்த்துக் குத்தி, அம்மாவோடு ஆட்டோவில் பறந்து, தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது பன்னிரண்டே முக்கால். ஜாஃபர் சாதிக்கின் போன் வந்தது.

"கடையில சிடி கிடைச்சிடுச்சாம் மதி. நான் வந்ததும் இலவசத்தையே போடவா, காசு குடுத்ததையே வச்சுக்கிறியா?"

"என் தமிழைத் தொடாதது எதுவோ அதைப் போடுங்க பாய்" என்று வைத்தாள்.

அதிகாரி மனுவைப் புரட்டினார். "டைப் பண்ணலையா?"

"பண்ணினேங்க ஐயா…" மதிவதனியின் விரல்கள் புடவைத் தலைப்பில் தட்டிக்கொண்டிருந்தன.

அவர் இன்னொரு பக்கம் புரட்டினார். கடிகாரம் ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் என்றது. "எழுத்து அச்சு மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு, சரிபார்க்க முதல் பெயரை உரக்க வாசித்தார்.

"வீரையன் மனைவி காத்தாயி. கீழத்தோப்பு. இருக்காங்களா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து காத்தாயி கையைத் தூக்கினாள்.

"இருக்கேங்க. பொறந்ததுலேர்ந்து அங்கதாங்க இருக்கேன்."

அதிகாரி முத்திரையை எடுத்தார்.