முள் காட்டிய காற்று

காற்றடிக்கிற பம்பு என்றாலே, நாகர்கோவில் சைக்கிள் கடையில் அத்தான் அந்தச் சிவப்புப் பம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கோலம்தான் என் கண்ணில் வரும். சாதாரணப் பம்பின் உடம்போடு இன்னொரு தடித்த உலோகக் குழாய் ஒட்டியிருந்தது. காற்றைச் சேர்த்துவைக்கிற தொட்டியாம் அது. உச்சியில் முள் வைத்த பெரிய மீட்டர். அதைப் பார்த்ததுமே நான் கடை வாசலுக்கு நகர்ந்துவிட்டேன். சின்ன வயதில் குலசேகரம் சந்தைப் பக்கம் ஒரு லாரி டயர் வெடித்து, அதன் இரும்பு வளையம் பக்கத்துக் கடையின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதை நேரில் பார்த்தவன் நான். அன்றிலிருந்து காற்றை எதில் அடைத்துவைத்தாலும் அது என் முகத்துக்கு நேராக வெடிக்கத்தான் காத்திருக்கிறது என்று நினைப்பு. சிரிக்காதீர்கள், பிறந்தநாள் வீடுகளில் பலூன் ஊதத் தொடங்கினால் நான் இன்றைக்கும் முற்றத்தில்தான் நிற்பேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். கல்ஃபில் வெகுகாலம் வேலைபார்த்துவிட்டு, ஊரில் எல்லார் கையிலும் டச் போன் வந்துவிட்ட அந்த நாட்களில் ஒரேயடியாகத் திரும்பி வந்தவர். பெட்டி நிறையச் சோப்பும் சென்ட்டும் வரும் என்று காத்திருந்த அக்காவுக்கு முன்னால், ஆள் உயர அட்டைப்பெட்டியில் மலைச் சைக்கிள் ஒன்றை இறக்கினார். வீட்டின் பின்னால் எங்கள் ரப்பர் தோட்டம் குன்றின் உச்சிவரை ஏறும். உச்சியிலிருந்து கீழே கால்வாய் ஓடுகிற சானல்கரை வரைக்கும் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. “மணலப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சு மக்கா. அந்த எறக்கத்துல ஒருக்கா சைக்கிள்ல எறங்கினாத்தான் ஊருக்கு வந்ததா அர்த்தம்” என்பார். மனுஷனுக்குப் பயம் என்கிற உறுப்பையே கடவுள் வைக்க மறந்துவிட்டார் என்று நான் நம்பியிருந்தேன்.

அந்தச் சைக்கிளின் டயருக்கு டியூப் கிடையாது. வழியில் முன்சக்கரத்து டயர் ரிம்மை விட்டுக் கழன்றிருந்தது. ஊரில் இருந்த பம்புகளை எல்லாம் வாங்கி வியர்க்க வியர்க்க அடித்துப் பார்த்தோம். ஒரு பக்கம் காற்று போனது, மறுபக்கம் புஸ்ஸென்று வெளியே வந்தது. அதனால்தான் நாகர்கோவிலுக்குப் போனோம். கடைக்காரர் மூன்று பம்புகளை வரிசையாக நிறுத்தினார். ஒன்று ஒல்லியானது, அடியில் சின்ன மீட்டர். இன்னொன்று கொஞ்சம் தடி, ஒரே அடியில் நிறையக் காற்று தள்ளும். மூன்றாவதுதான் தொட்டி வைத்தது. முதலில் தொட்டியை நிரப்பிக்கொண்டு கைப்பிடியைத் திருகினால் மொத்தக் காற்றும் ஒரே பாய்ச்சலாகப் போய் டயரின் விளிம்பை ரிம்மோடு அறைந்து உட்காரவைக்குமாம். “அத்தான், அந்த நடுவுல உள்ளது போதும். இது கேஸ் சிலிண்டரு மாதிரி இருக்கு, வீட்டுல வச்சா ஒறக்கம் வராது” என்றேன். “உனக்கு எதுலதான் ஒறக்கம் வருது? ஒண்ணும் ஆவாதுலே” என்று சொல்லித் தொட்டிப் பம்பையே எடுத்தார். அவர் எடுத்ததுதான் சரியான பம்பு. அதை இன்றைக்கும் சொல்வேன்.

வீட்டு முற்றத்தில் அவர் தொட்டியை நிரப்ப நிரப்ப, மீட்டரில் முள் ஏற ஏற, நான் காதைப் பொத்திக்கொண்டேன். அக்கா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவர் திருகியதும் துப்பாக்கி வெடித்த மாதிரி இரண்டு சத்தம். நான் கோழிக்கூட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன், எப்படிப் போனேன் என்று தெரியாது. டயர் கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தது.

இனி உள்ளே பால் ஊற்ற வேண்டும். முள் குத்தினாலும் ஓட்டையைத் தானாகவே அடைத்துக்கொள்கிற வெள்ளைத் திரவம் அது. சைக்கிளோடு வந்த சின்னக் குப்பி வழியிலேயே ஒழுகித் தீர்ந்திருந்தது. காலிக் குப்பியை மோந்து பார்த்த அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ஏட்டி, இது நம்ம ரப்பர் பாலுல்லா! இத வெளிநாட்டுக்காரன் குப்பியில அடச்சு விக்கியான்!” அன்று காலை வெட்டிய பால் வாளியில் இருந்தது. டயரின் காற்றை இறக்கிவிட்டு, அதிலிருந்து முகந்து வால்வு வழியாகவே ஊற்றிவிட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

மறுநாள் காலையில் பம்பை மாட்டி ஒரு அடி அடித்ததுமே முள் துள்ளி ஏறியது. “பாத்தியா மக்கா, எளுப்பத்துல கேறிற்று!” அவ்வளவு சுலபமாக ஏறியதில் அவருக்குப் பெருமை. விரலால் அமுக்கியபோது டயர் மெத்தென்றுதான் இருந்தது. மலைச் சைக்கிளுக்குக் காற்று குறைவாகத்தான் வேண்டும் என்றார். முள்ளே சொன்ன பிறகு யார் என்ன சொல்ல? “வேண்டாம்னு சொன்னா கேக்கியளா?” என்று அக்கா மட்டும் முணுமுணுத்தாள்.

அவர் சைக்கிளை உந்திக்கொண்டு உச்சிக்குப் போனார். நான் கீழே கடைசி வளைவில் நின்றேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே எதுவும் தெரியாது, சருகு நொறுங்கும் சத்தம் மட்டும்தான் இறங்கி வந்தது. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன், தெரியாத சாமிகளையும் கூப்பிட்டேன். சத்தம் நெருங்கியது. பிறகு ஒரு புஸ். பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

மேலே ஓடினேன். முன் டயர் ரிம்மை விட்டுப் பிதுங்கிக் கிடந்தது. அத்தான் ஒரு மரத்தடியில் மல்லாந்து கிடந்தார். பால் வடிய மரத்தில் கட்டியிருந்த சிரட்டை கவிழ்ந்து முகமெல்லாம் பால். கூப்பிட்டேன், அசையவில்லை. உலுக்கவும் பயம். மறுபடி மறுபடி கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “மக்கா, விட்டுட்டுப் போவாத. எனக்குப் பேடியா இருக்கு.” பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். போனில் சிக்னல் இல்லை. ஆளைக் கூப்பிட நான் ரோட்டுக்குப் போயே ஆகவேண்டும். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு ஓடினேன். ஓடும்போது அழுதேன்.

காறை எலும்பு முறிந்ததோடு பிழைத்தார். பிறகுதான் வால்வைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பால் உறைந்து ரப்பராகி அடைத்திருந்தது. பம்பின் காற்று டயருக்குள் போகவே இல்லை, குழாய்க்குள் முட்டி நின்ற காற்றைத்தான் முள் காட்டியிருக்கிறது. குப்பியில் அடைக்கிறவன் பால் உறையாமல் இருக்க அமோனியா கலப்பான். நாளெல்லாம் பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கிற வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. “நானும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள் அக்கா.

இப்போது அந்தச் சைக்கிளை அக்கா மகள் ஓட்டுகிறாள். கடையில் வாங்கிய பால்தான் ஊற்றுகிறோம், அதே சிவப்புப் பம்பில் அத்தானே காற்றடிக்கிறார். முள்ளைப் பார்க்கிறார், பிறகு டயரை அமுக்குகிறார், பிறகு என்னை அமுக்கச் சொல்கிறார். “கொள்ளாமா?” என்பார், நன்றாக இருக்கிறதா என்று. “கொள்ளாம் அத்தான்.” போன ஞாயிற்றுக்கிழமையும் உச்சியில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவளை அனுப்பினோம். அத்தான் என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

“மக்கா, அவ இன்னும் கீழ போய்ச் சேரல்லியே?”

அவள் முதல் வளைவைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. அவளுடைய மஞ்சள் ஹெல்மெட் எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது.