காரைக்கால்காரரின் தற்காப்பு

பினாங்கு சதுரங்கப் போட்டியின் நடுவர் என் ஆட்டத்தைப் பறித்துவிட்டார்.

சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி. இதில் வென்றவருக்குத்தான் இறுதி ஆட்டம். எதிராளி காரைக்கால்காரர், நான் நாகப்பட்டினத்தான். அவர் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். நான் என்னுடையதை ஒரு கட்டம் தள்ளுகிறேன். வேடிக்கை பார்ப்பவர் ஒருவர் இது என்ன ஆட்டம் என்கிறார். இப்படித் தொடங்குவதற்குப் பெயர் பிரெஞ்சுத் தற்காப்பு என்கிறேன்.

எதிராளி துள்ளி எழுந்து நடுவரைப் பார்க்கிறார். "அண்ணே, காரைக்கால்தான் பிரெஞ்சுக்காரன் ஊரு. அது எங்க தற்காப்புலா! இங்கிலீஷ்காரன் ஊரு ஆளு எப்படி ஆடலாம்?"

"அது வெறும் பேருண்ணே!" என்று கத்துகிறேன்.

நடுவர் தேநீரைக் கீழே வைக்கிறார். "அடுத்தவன் சொத்துல கை வைக்கலாமா தம்பி? நீங்க தோத்தாச்சுலா, எழுந்திரிங்க."

அப்படியானால் நாகப்பட்டினத்தான் எந்தக் காயைத் தொடலாம்? நடுவர் தன் பெயர் போட்டு இந்தப் பத்திரிகையிலேயே பதில் எழுதட்டும்.